டார்ச் விளக்கு சூரியன் ஆகாது

நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். 2017 ஆகஸ்ட் 21 அன்று ஓரிகனில் தொடங்கித் தென் கரோலினா வரை அமெரிக்காவைக் குறுக்கே கடந்த முழு சூரிய கிரகணத்தில், நிழல் விழுந்த பாதையின் அகலம் 110 கிலோமீட்டர் அளவுதான். ஒரு பொருளின் நிழல் அந்தப் பொருளில் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்குமா, தன்னைவிடச் சிறிய நிழலை விழச்செய்யும் பொருளை எங்கேனும் கண்டதுண்டா என்று சென்ற இதழில் கேட்டிருந்தார் கட்டுரையாளர். கேட்ட கையோடு தீர்ப்பும் எழுதிவிட்டார்: கிரகணத்துக்கும் நிலவுக்கும் தொடர்பே இல்லை, சூரியனை மறைப்பது கண்ணுக்குப் புலப்படாத வேறொரு இருண்ட பொருள், முன்னோர் ராகு என்று சொன்னது அதைத்தான், விஞ்ஞானிகள் மறைக்கிறார்கள்.

இந்த வாதம் அவருடையதும் இல்லை. 2017 கிரகணத்தின்போது தட்டைப்பூமிக்காரர்கள் பரப்பிய வாதம் இது. கடைசிப் பத்தியில் ராகுவைச் சேர்த்து, நம் மரபின் கண்டுபிடிப்புபோல அச்சிட்டிருக்கிறார். அந்த மரபுக்கும் அவர் உண்மையாக இல்லை என்பதைப் பின்னால் காட்டுகிறேன். முதலில் நிழல்.

அவர் முன்வைக்கும் ஒரே சோதனை இது: இருட்டறையில் டார்ச் அடியுங்கள், நடுவே ஒரு பந்தைப் பிடியுங்கள், சுவரில் விழும் நிழல் பந்தைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். உண்மை. டார்ச்சின் பல்பு பந்தைவிடச் சிறியது. சிறிய விளக்கிலிருந்து கிளம்பும் ஒளி பந்தின் ஓரங்களைத் தொட்டு விரிந்துகொண்டே போகிறது, நிழலும் விரிகிறது. ஆனால் சூரியன் நிலவைவிடச் சிறியதா? சூரியனின் விட்டம் சுமார் 13,92,000 கிலோமீட்டர். நிலவைப்போல 400 மடங்கு. மறைக்கும் பொருளைவிட 400 மடங்கு அகலமான விளக்கைப் பற்றிப் பேச வந்தவர், பந்தைவிடச் சிறிய விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். எது சிறியது, எது பெரியது என்பதைத் தலைகீழாக்கிவிட்டுச் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது. அவருடைய கட்டுரையில் சூரியனின் அளவு ஓரிடத்தில்கூட இல்லை. நிலவின் விட்டம் இருக்கிறது, நிழலின் அகலம் இருக்கிறது, சூரியனின் விட்டம் மட்டும் இல்லை. அந்த ஓர் எண்ணை எழுதியிருந்தால் கட்டுரை அங்கேயே முடிந்திருக்கும். தெரியாமல் விட்டாரென்றால் எழுத உட்காரும் முன் படித்திருக்க வேண்டும். தெரிந்தே விட்டாரென்றால் அது வாசகருக்குச் செய்த துரோகம்.

விளக்கு பொருளைவிடப் பெரிதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அறிய விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் நான்கடி டியூப் லைட் இருந்தால் போதும். அதன் கீழே ஒரு பென்சிலை, விளக்கின் நீளத்துக்கு இணையாகப் பிடியுங்கள். மேசையில் ஓரளவு தெளிவான நிழல் விழும். இப்போது பென்சிலை அதே உயரத்தில் குறுக்காகத் திருப்புங்கள். நிழல் கலைந்து, இருக்கும் இடமே தெரியாமல் போகும். பென்சில் மாறவில்லை, விளக்கு மாறவில்லை, தூரமும் மாறவில்லை. முதலில் பென்சிலின் பருமனுக்கு எதிரே நின்றது விளக்கின் குறுகிய அகலம். திருப்பியதும் எதிரே நின்றது நான்கடி நீளம். பென்சிலால் அவ்வளவு நீளத்தையும் மறைக்க முடியாது. இருபுறமிருந்தும் ஒளி நுழைந்து நிழலைத் தின்றுவிடுகிறது.

சூரிய ஒளியிலேயே இதை அளந்தும் பார்க்கலாம். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதை ஒரு குச்சியின் முனையில் ஒட்டி, மொட்டைமாடியில் சூரியனை நேராகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சூரியக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். நாணயத்தை ஒட்டியே அட்டை இருக்கும்போது நிழல் நாணயத்தின் அளவே இருக்கும். அட்டையை ஒரு மீட்டர் பின்னுக்கு நகர்த்தினால் நடுவிலுள்ள அடர்ந்த நிழல் 18 மில்லிமீட்டருக்குக் குறைந்திருக்கும், சுற்றிலும் மங்கலான ஒரு வளையம் விரிந்திருக்கும். இரண்டு மீட்டரில் அடர்நிழல் 8 மில்லிமீட்டர் அளவே மிஞ்சும். மூன்று மீட்டரை நெருங்கும்போது அது ஒரு புள்ளியாகி மறைந்துபோகும். பொருளைவிடச் சிறிய நிழலைக் கண்டதுண்டா என்று கேட்டாரே, பத்து ரூபாய் செலவில் காணலாம். வானில் உயரப் பறக்கும் பருந்தின் நிழல் தரையில் விழாததற்கும், உயரத்தில் போகும் மின்கம்பிக்குத் தெருவில் தெளிவான நிழல் இல்லாததற்கும் இதே காரணம்தான். அவற்றின் அடர்நிழல் தரைக்கு வரும் முன்பே முடிந்துவிடுகிறது.

கணக்கு எளிது. பூமியிலிருந்து பார்க்க, சூரிய வட்டம் வானில் அரை டிகிரிக்குச் சற்றே கூடுதலான இடத்தை அடைத்திருக்கிறது. அதனால் சூரிய ஒளியில் நிற்கும் எந்த உருண்டையின் அடர்நிழலும் ஒரு கூம்பாகக் குறுகி, அந்த உருண்டையின் விட்டத்தைப்போல ஏறத்தாழ 107 மடங்கு தூரத்தில் முடிகிறது. நாணயத்துக்கு அது 2.9 மீட்டர். நிலவுக்கு அதே மடங்கைப் போட்டுப் பாருங்கள்: சுமார் 3,73,000 கிலோமீட்டர். நிலவு நம்மிடமிருந்து இருக்கும் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருப்பதில்தான் சூரிய கிரகணத்தின் அழகு முழுவதும் இருக்கிறது. நிலவின் கருநிழல் கூம்பின் கூர்முனை பூமியை எட்டியும் எட்டாமலும் உரசிக்கொண்டிருக்கிறது. முனை தரையைத் தொடும் இடத்தில் அது 110 கிலோமீட்டர் அகலமாக இருப்பது வியப்பில்லை. 3,474 கிலோமீட்டர் அகலத்தில் விழுந்திருந்தால்தான் நமக்குத் தெரிந்த ஒளியியல் முழுவதையும் கிழித்துப்போட வேண்டியிருக்கும்.

இங்கே அவருக்குத் துணையாக வரக்கூடிய ஒரு வாதத்தை நானே எடுத்துவைக்கிறேன், அவருடைய கட்டுரையிலும் அதன் சாயல் உண்டு. சூரியக் கதிர்கள் இணையானவை என்று பள்ளிப் பாடநூல் சொல்கிறதே, இணைகதிரில் நிழல் பொருளின் அளவே இருக்க வேண்டாமா? பாடநூல் சொல்வது ஒரு வசதிக்கான எளிமை. சூரியனின் ஒரு புள்ளியிலிருந்து நம்மை வந்தடையும் கதிர்கள் ஏறத்தாழ இணையானவை, அது சரி. ஆனால் சூரியனின் கிழக்கு விளிம்பிலிருந்து வரும் கதிருக்கும் மேற்கு விளிம்பிலிருந்து வரும் கதிருக்கும் இடையே அந்த அரை டிகிரி கோணம் இருக்கிறது. வகுப்பறையில் ஒரு அளவுகோலின் நிழலை வரையும்போது அரை டிகிரியைப் பொருட்படுத்தாமல் விடலாம். மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் போன பிறகு அதே அரை டிகிரி 3,500 கிலோமீட்டராக விரிந்திருக்கும். நிலவின் முழு அகலத்தையும் விழுங்கப் போதுமான விரிவு அது. சிறிய தூரத்துக்குச் சொன்னதை எந்தத் தூரத்துக்கும் இழுத்துக்கொண்டு போவது அறிவியலைப் படித்தவர் செய்யும் வேலையா?

இன்னொன்றையும் அவர் வாசகரிடமிருந்து ஒளித்திருக்கிறார். நிலவுக்கு விழுவது ஒரே நிழல் அல்ல. கருநிழலைச் சுற்றிப் புறநிழல் உண்டு. சூரியனின் ஒரு பகுதி மட்டும் மறைக்கப்படும் இடம் அது. கருநிழல் குறுக, புறநிழல் விரிந்துகொண்டே வருகிறது. பூமியை அடையும்போது அதன் குறுக்களவு ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். நிலவைப்போல இருமடங்கு. 2017 ஆகஸ்ட் 21 அன்று 110 கிலோமீட்டர் பட்டைக்கு வெளியே வட அமெரிக்கா முழுவதும் பகுதி கிரகணத்தைப் பார்த்தது. அந்தப் பெரிய நிழலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், நடுவிலுள்ள சிறிய நிழலை மட்டும் பிடித்துக்கொண்டு இது சிறிதாக இருக்கிறது என்று கூச்சலிடுவது வாதம் ஆகாது.

நிழலின் அகலம் ஒவ்வொரு கிரகணத்திலும் மாறுவதற்கு அவருடைய இருண்ட பொருளிடம் என்ன பதில் இருக்கிறது? 2009 ஜூலை 22 அன்று சூரத், வாரணாசி, பாட்னா வழியாகச் சென்ற முழு கிரகணத்தின் பாதை, பசிபிக்கில் அதன் உச்சத்தில் 258 கிலோமீட்டர் அகலம் இருந்தது. அப்போது நிலவு பூமிக்கு மிக அருகில் இருந்தது, கூம்பின் பருத்த பகுதி தரையைத் தொட்டது. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை மக்கள் பார்த்தது வளைய கிரகணம். அன்று நிலவின் தோற்ற அளவு சூரியனின் தோற்ற அளவில் 97 விழுக்காடுதான். அதாவது கருநிழலின் முனை தரைக்கு வரும் முன்பே, ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் உயரத்தில் முடிந்துவிட்டது. அதைத் தாண்டி நின்ற நமக்கு, நிலவைச் சுற்றி நெருப்பு வளையம் தெரிந்தது. அதே காலையில் சென்னையில் நின்றவர்களுக்கு வளையம் இல்லை, பிறைதான். ஒரு பாம்பு சூரியனை விழுங்கியிருந்தால் திருச்சிக்கு ஒரு விழுங்கல், சென்னைக்கு வேறொரு விழுங்கலா?

2023 ஏப்ரல் 20 கிரகணம் தட்டைப்பூமி வாதத்துக்கு இன்னும் கடுமையான அடி. அன்று இந்தியப் பெருங்கடலின் தெற்கே வளைய கிரகணமாகத் தொடங்கியது, ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் ஒரு நிமிட அளவுக்கு முழு கிரகணமாக மாறியது, பசிபிக்கில் முடியும்போது மறுபடியும் வளையமானது. பூமி உருண்டை. பாதையின் நடுப்பகுதி நிலவை நோக்கிப் புடைத்திருக்கிறது, இரு முனைகளும் விலகி வளைகின்றன. கூம்பின் முனை புடைத்த பகுதியை மட்டும் எட்டியது. தட்டையான பூமியில் இப்படி ஒரு கிரகணம் நடக்க வழியே இல்லை.

அடுத்து அவர் வெற்றிக்களிப்போடு வைக்கும் கேள்வி: சூரியனும் நிலவும் கிழக்கிலிருந்து மேற்கே போகின்றன, கிரகண நிழல் மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே போவது எப்படி? பஞ்சாங்கத்தைத் துணைக்கு அழைக்கும் ஒருவர் இதைக் கேட்டது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. தினமும் கிழக்கில் உதித்து மேற்கில் மறைவது பூமி சுழல்வதால் வரும் தோற்றம். நிலவின் சொந்தப் பயணம் மேற்கிலிருந்து கிழக்கே. அசுவினி, பரணி, கார்த்திகை என்று நாளுக்கு ஒரு நட்சத்திரமாக நிலவு நகர்வதைத்தான் பஞ்சாங்கம் ஒவ்வொரு நாளும் எழுதுகிறது. மூன்றாம் பிறையை மேற்கில் பார்த்துவிட்டு, பௌர்ணமி நிலவை அந்தி வேளையில் கிழக்கில் பார்க்கிறோமே, இடைப்பட்ட நாட்களில் அது வானில் எந்தப் பக்கம் நகர்ந்தது? ஒரு திதி என்பதே நிலவு சூரியனைவிட 12 டிகிரி கிழக்கே முன்னேறும் காலம். திதி பார்க்கத் தெரிந்த எவருக்கும் கிரகண நிழல் ஏன் கிழக்கே ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

நிலவு தன் பாதையில் மணிக்குச் சுமார் 3,680 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நிழலும் ஏறக்குறைய அதே வேகத்தில் கிழக்கே பாய்கிறது. பூமியும் அதே திசையில், நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் சுழல்கிறது. நிழலின் வேகம் அதிகம், அதனால் அது தரையை முந்திக் கிழக்கே போகிறது. 2019 டிசம்பர் 26 அன்று வளையத்தை முதலில் பார்த்தவர்கள் வளைகுடாவில் இருந்தவர்கள், நம் நேரப்படி ஒன்பது மணியை ஒட்டி. ஒன்பதரை அளவில் கோவை. சிங்கப்பூரில் தெரிந்தபோது நமக்குப் பதினொரு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று இடங்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டிருந்தாலே திசை புரிந்திருக்கும். 1973 ஜூன் 30 அன்று கான்கார்ட் விமானம் கேனரித் தீவுகளிலிருந்து கிளம்பி, சஹாராவின் மேல் கிழக்கு நோக்கி நிழலோடு சேர்ந்தே பறந்தது. தரையில் நின்றவர்களுக்கு அதிகபட்சம் ஏழு நிமிடமே கிடைத்த முழு கிரகணம், அதில் இருந்த ஆய்வாளர்களுக்கு 74 நிமிடம் நீடித்தது. இல்லாத நிழலின் உள்ளே ஒரு விமானம் 74 நிமிடம் பறக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருளுக்கு வருகிறேன். கிரகணத்துக்கு முன் சூரியனுக்கு அருகில் நிலவைப் பார்க்க முடிவதில்லை, ஆகவே மறைப்பது நிலவல்ல என்கிறார். அமாவாசையன்று நிலவின் ஒளிபட்ட முகம் முழுவதும் சூரியனை நோக்கியே இருக்கிறது, நமக்குக் காட்டுவது இருண்ட முகம், அதுவும் சூரியனின் கண்கூசும் ஒளிக்கு அருகே. வேறெப்படித் தெரியும்? முழு கிரகணத்தின்போது நீண்ட நேரம் ஒளியேற்றி எடுத்த படங்களில், அந்தக் கறுப்பு வட்டத்தின் மேல் பூமியிலிருந்து பட்டுத் தெறித்த ஒளியில், நாம் தினம் பார்க்கும் அதே நிலவின் கறைகள் தெரிகின்றன. சூரியன் மறையும் கடைசி நொடிகளில் விளிம்பில் மணிமணியாக ஒளி சிதறுவதை 1836இல் பிரான்சிஸ் பெய்லி விவரித்தார். நிலவின் ஓரத்துப் பள்ளத்தாக்குகள் வழியே கசியும் வெயில் அது. 2009 முதல் நிலவைச் சுற்றிவரும் எல்.ஆர்.ஓ. விண்கலம் அதன் மலைகளையும் பள்ளங்களையும் லேசரால் அளந்திருக்கிறது. அந்த அளவுகளைக் கொண்டு 2017 கிரகணத்துக்கு முன்பே நாசா கருநிழலின் வடிவத்தைக் கணித்து வெளியிட்டது. மணிகள் எங்கே தோன்றும் என்பதையும் இந்த மலைப்படங்களை வைத்தே கணிக்கிறார்கள். ராகுவுக்கும் நிலவின் அதே மலைகள், அதே இடத்தில், அதே உயரத்தில் இருக்கின்றன என்று கட்டுரையாளர் சொல்லப்போகிறாரா? 2016 மார்ச் 9 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்ற டிஸ்கவர் விண்கலம், அன்றைய முழு கிரகணத்தின் நிழல் பசிபிக் கடலின் மேல் ஊர்ந்துபோவதைப் படம்பிடித்தது. நிழல் எங்கே என்பவர் அந்தப் படங்களைப் பார்க்கட்டும்.

சூரிய கிரகணம் எப்போதும் அமாவாசையன்றே வருகிறது. அஷ்டமியிலோ பௌர்ணமியிலோ ஒருமுறைகூட வந்ததில்லை. மறைப்பது நிலவுடன் தொடர்பற்ற பொருள் என்றால் இந்த ஒழுங்கை எப்படி விளக்குவார்? விளக்கவில்லை. தொடவே இல்லை.

முன்னோர் என்று அவர் அடிக்கடி சொல்வதால் முன்னோரிடமே போவோம். பொ.ஆ. 499 காலத்தைச் சேர்ந்த ஆரியபடீயம், சூரியனை மறைப்பது நிலவு என்றும், நிலவை மறைப்பது பூமியின் நிழல் என்றும் தெளிவாகச் சொல்கிறது. பூமி நிழலின் நீளத்தைக் கணக்கிட வழியும் தருகிறது. வராகமிகிரர் பாம்புக் கதையை எடுத்துக்கொண்டு வாதாடி மறுத்தார். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை நான்கு நிமிடம்தான். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து ஆய்வு செய்தார். பஞ்சாங்கம் வானோடு ஒத்துப்போக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டார். நம் மரபில் இத்தனை பேர் உழைத்துக் கணக்குப் போட்டிருக்க, அவர்களில் ஒருவரைக்கூடப் பெயர் சொல்லாமல் "முன்னோர்" என்று பொதுவாகச் சொல்லித் தட்டைப்பூமியை விற்பது அவர்களுக்கு அவமதிப்பு.

பஞ்சாங்கத்தின் ராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. நிலவின் பாதை சூரியனின் தோற்றப்பாதைக்கு ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள்தாம் அவை. அந்தச் சாய்வால்தான் ஒவ்வோர் அமாவாசையும் கிரகணமாவதில்லை; பெரும்பாலும் நிலவின் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. வெட்டுப்புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று வருகின்றன. ராகு-கேதுப் பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை, பின்னோக்கி நடப்பதும் அதனால்தான். பன்னிரண்டு ராசிகளால் பெருக்கிப் பாருங்கள்.

இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம் அவருடைய கட்டுரையின் கடைசி வரிகள். தெரியாத பொருளிலிருந்து தெரியாத கதிர்கள் வருகின்றன, கர்ப்பிணிகள் தண்ணீரும் குடிக்காமல் அறைக்குள் இருக்க வேண்டும் என்கிறார். கிரகணத்தில் புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வரும் வெயில் குறைகிறது, அவ்வளவே. கர்ப்பிணியை, அதிலும் சர்க்கரை நோய் உள்ளவரை, மணிக்கணக்கில் பட்டினி போடுவது நிஜமான ஆபத்து. உண்மையில் எச்சரிக்க வேண்டியது கண்ணைப் பற்றி. பிறையாக மிஞ்சிய சூரியனும் விழித்திரையைச் சுட்டுவிடும், விழித்திரைக்கு வலி தெரியாது. எக்ஸ்ரே பிலிம், சி.டி., புகை படிந்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது; ஐ.எஸ்.ஓ. 12312-2 தரச்சான்று பெற்ற கிரகணக் கண்ணாடி வேண்டும். உயிருக்கும் கண்ணுக்கும் உதவும் இந்த ஒரு வரி அவருடைய கட்டுரையில் இல்லை.

2031 மே 21, புதன்கிழமை, மதுரையில் வளைய கிரகணம் தெரியும், நண்பகலை ஒட்டி. கருநிழலின் முனை அன்று தரைக்கு மேலே 15,000 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்தில் முடிந்துவிடும். வளையம் எந்த ஊரில் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடியும் என்பதை நிழல் கணக்கு இப்போதே சொல்கிறது. கட்டுரையாளர் தம் இருண்ட பொருளை வைத்து மதுரைக்கு ஒரு நேரத்தையும் ஒரு பாதையையும் கணித்து, இதே இதழில், அந்த நாளுக்கு முன்பே அச்சிடட்டும். அதுவரை வாசகர்கள் ஒரு பத்து ரூபாய் நாணயத்தோடு மொட்டைமாடிக்குப் போய், நிழல் சுருங்குவதைத் தாங்களே அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.